அந்தப் படத்தை இறக்குங்கள்: புகைப்படப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

போட்டியை நடத்துகிறவர்களுக்கும் நடுவர்களுக்கும்,

இந்த ஆண்டு நீங்கள் முதல் பரிசு கொடுத்த செங்கல் சூளைப் படத்தில் தலையில் கல்லோடு நிற்கிறாளே ஒரு சிறுமி, அவளை எனக்குத் தெரியும். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது பத்தடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன். படமெடுத்தவரை அங்கே கூட்டிப்போனது நான். அவர் பேசியதை அந்தக் குடும்பத்துக்கும், குடும்பம் பேசியதை அவருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னது நான். அனுமதிப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். இந்தத் தொழிலில் எங்களை ஃபிக்ஸர் என்பார்கள். படத்துக்குக் கீழே எங்கள் பெயர் வருவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் படமெடுத்தவர் விமானம் ஏறிய பிறகு அந்த மனிதர்களுக்கு முகம் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

உங்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்கு நான்கு வரி வந்தது. அனுமதிப் படிவம் முறையாக இருக்கிறது, முகத்தை மறைத்தால் படத்தின் உணர்வு கெட்டுவிடும், கண்காட்சி திட்டமிட்டபடி நடக்கும், நன்றி. சரி, இனித் தனியாக எழுதிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. உங்கள் நடுவர்களில் இரண்டு பேருக்குத் தமிழ் தெரியும். உங்கள் போட்டிக்குப் படம் அனுப்புகிறவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களும் படிக்கட்டும் என்று இதைத் தமிழில், எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்.

ஊர் பெயரையோ நாட்டின் பெயரையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவளைத் தேடிப் போக இன்னொரு வழியை நானே திறந்துவிட்டதாக ஆகும். நீங்களோ அதைப் படத்துக்குக் கீழேயே அச்சடித்திருக்கிறீர்கள். என் முதல் புகார் அதுதான்.

படம் வெளியான மூன்றாவது நாள் அது சூளை முதலாளியின் கைப்பேசிக்கு வந்துவிட்டது. ஊர் பெயர் இருக்கிறது, பின்னால் புகைபோக்கி தெரிகிறது, முகம் பளிச்சென்று இருக்கிறது. யார் வீட்டுப் பெண் என்று கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அன்று இரவே அந்தக் குடும்பத்தை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்கள் வந்தபோது களத்தில் பிள்ளை என்று சொல்ல ஒருவரும் இல்லை. குடும்பத்தை விரட்டிய முதலாளி கடனை விரட்டவில்லை. சீசன் தொடங்கும்போது வாங்கிய முன்பணம் அப்படியே இன்னொரு சூளையின் கணக்குக்கு மாறியது. அந்தத் தொகையைக் கொடுத்து இவர்களை வாங்கிக்கொண்டவர் இன்னொரு முதலாளி. வாங்கிக்கொண்டவர் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். பழைய இடத்தில் நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வேலை குறைந்த நாட்களில் அவள் போய்வந்தாள். புதிய இடத்தில் அதுவும் இல்லை.

மேஸ்திரி மூலமாக எண் வாங்கி அவள் அப்பாவிடம் பேசினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அந்தப் படம் இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். அந்த நாளிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சட்டகம், ஒரே ஒரு படம். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

மாலை நான்கரை மணி இருக்கும். களத்தில் இன்னும் சுடாத பச்சைக்கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அச்சிலிருந்து கவிழ்த்த கல் மேல்பக்கம் காய்ந்ததும் புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கமாக வளைந்துவிடும். அந்த வேலை சின்னப் பிள்ளைகளுக்கு என்றே ஒதுக்கப்பட்டது போல இருக்கும். வரிசைகளுக்கு நடுவே இடம் குறைவு. பெரியவர்கள் நடந்தால் ஈரக்கல் நசுங்கும், பிள்ளைகள் நடந்தால் நசுங்காது. அவர்கள் எடை குறைவு என்பதே அங்கே அவர்களுடைய தகுதி. இவளுக்குப் பத்து வயது. புரட்டுவதிலிருந்து சுமப்பதற்கு அந்த சீசனில்தான் 'உயர்ந்திருந்தாள்'. காய்ந்த கல்லைச் சூளை வாய்வரை தலையில் கொண்டுபோய் அடுக்க வேண்டும். ஒரு நடைக்கு ஆறு கல். ஒரு கல் ஏறக்குறைய 3 கிலோ.

படமெடுத்தவருக்கு வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவை அந்த வழியாக வரச் சொல்லுங்கள்" என்றார். நான் சொன்னேன். அவள் வந்தாள். தூசி சரியாகப் படியவில்லை. இன்னொரு தடவை. பின்னால் ஒருவர் குறுக்கே போய்விட்டார். இன்னொரு தடவை. நான்காவது நடையில் அவள் கல்லை அடுக்கில் இறக்கிவிட்டாள். அதை மறுபடி எடுத்துத் தலையில் வைத்து அனுப்பினோம். அனுப்பினோம் என்று பன்மையில்தான் எழுத வேண்டும், ஏனென்றால் கல்லை எடுத்துக் கொடுத்த கைகளில் ஒன்று என்னுடையது. மொத்தம் ஏழு நடை. எண்ணிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நடந்தும் சூளைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு நடைக்கான ஆறு கல்தான். மற்ற ஆறு நடையும் எந்தக் கணக்கிலும் வராது. அவை உங்கள் சுவருக்காக நடந்தவை.

குழந்தை உழைப்பைக் கண்டிக்கும் படத்துக்காக ஒரு குழந்தையை வேலை வாங்கியிருக்கிறோம். அன்று எனக்கு அது உறைக்கவில்லை. நாள் கூலிக்கு வந்தவன், வெளிச்சம் போவதற்குள் வேலை முடிய வேண்டும் என்ற கவலைதான் எனக்கும் இருந்தது.

அந்த ஏழாவது நடையில் எடுத்த சட்டகத்துக்குத்தான் பரிசு. உங்கள் நடுவர் குறிப்பைப் படித்தேன். தாழ்ந்த அந்தப் பார்வையில் தலைமுறைகளின் பாரம் தெரிகிறதாம். அவள் பார்த்துக்கொண்டிருந்தது காலடியில் இருந்த பச்சைக்கல்லை. தவறி மிதித்துவிட்டால் அந்தக் கல் அப்பாவின் கணக்கில் கழிந்துவிடும். இதை உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் 'தலைமுறைகளின் பாரம்' என்று எழுதியிருப்பீர்களா என்று தெரியவில்லை. எழுதாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மிதிபட்ட கல் யார் தலையில் விடிகிறது என்பதுதான் அந்த இடத்தில் உண்மையான செய்தி.

உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் என்று எழுதிவிட்டேன். சொல்லியிருந்தோம். படமெடுத்தவரைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லியாக வேண்டும்: அவர் தனிப்படமாக அனுப்பவில்லை, பன்னிரண்டு படங்களின் தொகுப்பாக அனுப்பினார். அதில் ஒன்று கணக்கு நோட்டின் ஒரு பக்கம். மேஸ்திரி வெற்றிலை போட எழுந்து போன இடைவெளியில் என் கைப்பேசியில் எடுத்தது, கொஞ்சம் ஆடியிருக்கும். அந்தப் பக்கத்தில் அப்பாவின் பெயர், வாரத்துக்கு எத்தனை ஆயிரம் கல், முன்பணத்தில் கழித்தது எவ்வளவு, உடைந்த கல்லுக்குக் கழித்தது எவ்வளவு என்று எல்லாம் இருக்கிறது. அம்மாவின் பெயர் இல்லை. நான்கு பிள்ளைகளின் பெயரும் இல்லை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி குடும்பத் தலைவருக்குப் போகிறது. அந்த ஆயிரத்தை எத்தனை கைகள் அறுத்தன, அதில் எத்தனை கைகள் பால்பல் விழாத பிள்ளைகளுடையவை என்று நோட்டு கேட்பதில்லை. "எங்கள் சூளையில் குழந்தைத் தொழிலாளர் யாரும் இல்லை" என்று முதலாளி நோட்டைக் காட்டியே நிரூபிக்க முடிவது இதனால்தான்.

அந்தப் படத்தை நீங்கள் ஒதுக்கிவிட்டீர்கள். தொழில்நுட்பத் தரம் போதாது என்று காரணம் சொல்லியிருந்தீர்கள். சிறுமியின் படத்துக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த நீண்ட குறிப்பில் முன்பணம், கழிவு, வேலை நேரம், கடனுக்கு ஈடாக உழைப்பது என்று எல்லாம் இருந்தது. அதையும் வெட்டி, 'சுமக்கும் சிறகுகள்' என்று ஒரு தலைப்பும் கீழே ஊர் பெயரும் வைத்தீர்கள். மறைக்க வேண்டியதை விட்டு வைத்து, சொல்ல வேண்டியதை வெட்டியிருக்கிறீர்கள். வெட்டப்பட்டவற்றில் கடனுக்கு ஈடான உழைப்பு என்பது வெறும் வர்ணனை இல்லை, அதற்குச் சட்டப் பெயர் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கை, 1999-ல் வந்தது, குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களில் அதையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 2020-ல் அந்த அமைப்பின் உறுப்பு நாடுகள் 187-ம் அதை ஏற்று முடித்தன. அந்த ஒரு சொல் குறிப்பில் இருந்திருந்தால் பார்க்கிறவர் 'ஐயோ பாவம்' என்பதோடு நிற்க முடியாது. எந்த முதலாளி, எந்தச் சட்டம், யார் பொறுப்பு என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

உங்கள் போட்டி அறிவிப்பில் லூயிஸ் ஹைனின் பெயரைப் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். அவர் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஹைன் நியூயார்க்கில் ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவில் குழந்தை உழைப்பை ஒழிக்க 1904-ல் தொடங்கிய ஒரு தேசியக் குழு 1908-ல் அவரைப் படமெடுக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டது. நூற்பாலை, நிலக்கரிச் சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை என்று பத்து வருடம் போல அலைந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவர், அஞ்சலட்டை விற்பவர், இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர் என்று என்னென்னவோ சொல்லி நுழைந்தார். வயதைப் பற்றி மேற்பார்வையாளர்கள் பொய் சொல்வார்கள் என்று தெரியும். அதனால் தன் மேற்சட்டையின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்பே அளந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் உயரத்தைக் கண்ணாலேயே கணக்குப் போட்டார். சட்டைப்பைக்குள் கையை விட்டு, வெளியே தெரியாமல் குறிப்பெழுதினார். பெயர், வயது, உயரம், எத்தனை மாதமாக வேலை, எந்த ஷிப்ட், என்ன கூலி என்று. அவருடைய 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் இன்று அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. போய்ப் பார்த்தால் படத்தோடு குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பை எடுத்துவிட்டால் அழுக்கு முகத்தோடு நிற்கும் அழகான பிள்ளைகளின் படம்தான் மிச்சம். குறிப்பு இருப்பதால்தான் அது சாட்சியம்.

அவரும் பொய் சொல்லித்தானே உள்ளே போனார் என்பீர்கள். போனார். ஏமாந்தது காவலாளியும் மேற்பார்வையாளரும். நாங்கள் ஏமாற்றியது அந்த அப்பாவை.

ஹைன் முகத்தைக் காட்டினார், பெயரையும் போட்டார், அப்புறம் எங்களை மட்டும் ஏன் மறைக்கச் சொல்கிறாய் என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர் படங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு சட்டம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்த குழுவிடம். அவர்கள் அதை அறிக்கையில் போட்டார்கள், கூட்டங்களில் திரையில் காட்டினார்கள், சட்டமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோனார்கள். ஒரு ஆலையில் எடுத்த படம் அன்று மாலையே அந்த ஆலை முதலாளியின் கையில் இருக்க வழியில்லை. இன்று இருக்கிறது. அவ்வளவு செய்தும் வெற்றி சுலபமாக வரவில்லை. 1916-ல் வந்த சட்டத்தை 1918-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நிலைத்து நின்ற சட்டம் 1938-ல்தான் வந்தது. ஹைன் வேலையில் சேர்ந்ததிலிருந்து 30 வருடம். 1940-ல் கையில் காசில்லாமல்தான் அவர் இறந்தார்.

இன்னொன்றும் உண்டு. 1910 ஆகஸ்டில் வெர்மான்ட் மாநிலத்து நூற்பாலை ஒன்றில், நூற்கும் இயந்திரத்தில் கையூன்றி நிற்கும் 12 வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் எடுத்தார். புகழ்பெற்ற படம். 1998-ல் அமெரிக்க அரசு அதை அஞ்சல் தலையாகவே வெளியிட்டது. அந்தச் சிறுமி வளர்ந்து, கிழவியாகி, 90 வயதைத் தாண்டி, அஞ்சல் தலை வருவதற்குச் சில வருடங்கள் முன்புதான் இறந்திருந்தார். அவர் யார், என்ன ஆனார் என்று தேடிக் கண்டுபிடித்ததே 2000-க்குப் பிறகு. நல்ல நோக்கத்தோடு, நல்ல மனிதர் எடுத்த படத்துக்கே இதுதான் கதை. படத்தில் இருப்பவரிடம் திரும்பிப் போவது யாருடைய வேலையாகவும் இருந்ததில்லை. ஹைன் பெயரைச் சொல்வதாக இருந்தால் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்.

படம் அதிர்ச்சி கொடுத்தால் போதும், மீதி தானாக நடக்கும் என்ற நம்பிக்கை உங்கள் அறிக்கைகளில் தெரிகிறது. தானாக என்ன நடக்கும் என்பதற்கு வங்கதேசம் உதாரணம். குழந்தைகள் தைத்த துணியை இறக்குமதி செய்யக்கூடாது என்று 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு மசோதா வந்தது. சட்டமாகக்கூட ஆகவில்லை. ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே அங்குள்ள ஆடைத் தொழிற்சாலைகள் பிள்ளைகளை வெளியே அனுப்பின. 50,000 பேர் வரை என்று மதிப்பிட்டார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று யூனிசெஃப் பிறகு தேடிப் பார்த்தது. பள்ளிக்கூடத்துக்கு இல்லை. கல் உடைக்க, தெருவில் பிழைக்க, சிலர் பாலியல் தொழிலுக்கு. அதாவது, விட்டு வந்ததைவிட மோசமான இடங்களுக்கு. 1995-ல்தான் தொழிற்சாலை முதலாளிகள் சங்கமும் யூனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உட்கார்ந்து, பள்ளியில் இடம் தயாராகும்வரை பிள்ளைகளை வெளியே அனுப்பக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டன. முதலில் அதிர்ச்சி, பிறகு விரட்டல், கடைசியில் யோசனை. அதே வரிசைதான் எங்கள் சூளையிலும். என்ன, மூன்றாவது கட்டம் இன்னும் வரவில்லை.

அனுமதிப் படிவம் முறையாக இருக்கிறது என்றீர்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இரண்டு பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம். உலகம் முழுவதும், எந்தக் காலத்திலும், எந்த ஊடகத்திலும், எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், திரும்பப் பெற முடியாது என்பது அதன் சாரம். நான் அதை மொழிபெயர்த்தது இப்படி: "பாப்பாவைப் படம் எடுத்துக்கலாமான்னு கேட்கிறாங்க." அப்பா தலையாட்டினார். மைப்பெட்டி கொண்டுபோக மறந்திருந்தேன். தேவைப்படவில்லை. கட்டைவிரலில் இருந்த களிமண்ணே போதுமான அளவு பதிந்தது. இதைத்தான் நீங்கள் முறையான அனுமதி என்கிறீர்கள். முதலாளியின் முன்பணத் தாளில் அதே விரல் இதற்கு முன் பதிந்திருக்கிறது. எழுதியிருப்பது என்ன என்று தெரியாமல், பெரிய மனிதர்கள் கேட்கும்போது மறுக்க முடியாமல். எங்கள் தாளுக்கும் அந்தத் தாளுக்கும் நடுவே அவர் என்ன வித்தியாசத்தைக் கண்டிருப்பார்?

அவளிடம் யாரும் கேட்கவில்லை. படம் எடுத்து முடித்ததும் கேமராவின் திரையில் காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "இது வேண்டாம், இன்னொன்று எடுங்க" என்றாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. வண்டி காத்துக்கொண்டிருந்தது.

1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 32ஆம் பிரிவை உங்கள் கண்காட்சி அறிவிப்பின் தலையிலேயே போட்டிருக்கிறீர்கள். சுரண்டலிலிருந்து பாதுகாக்கப்படும் உரிமை. நல்லது. அதே ஆவணத்தில் 12ஆம் பிரிவு இருக்கிறது, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை. 16ஆம் பிரிவு இருக்கிறது, அந்தரங்கத்துக்கான உரிமை. ஏழைப் பிள்ளை என்றால் 32 மட்டும் பொருந்தும், 12-ம் 16-ம் பொருந்தாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. குழந்தைகளைப் பற்றிச் செய்தி எழுதுகிறவர்களுக்காக யூனிசெஃப் வைத்திருக்கும் வழிகாட்டுதல், முகத்தையும் பெயரையும் மறைத்த பிறகும் ஆபத்து வரலாம் என்றால் வெளியிடாதே என்கிறது. நீங்கள் மறைக்கவே இல்லை.

முகம் இல்லாத படம் யாரையும் தொடாது என்பது உங்கள் கட்சி. கேமரா பிடிக்கிறவர்களிடமே இதை நிறையக் கேட்டிருக்கிறேன். ஓரளவுக்கு உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எதற்குப் பழகியிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யூனிசெஃபும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட கணக்கின்படி உலகத்தில் 13.8 கோடிப் பிள்ளைகள் குழந்தை உழைப்பில் இருக்கிறார்கள், அவர்களில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலையில். 61 சதவீதம் பேர் வேலை செய்வது விவசாயத்தில். பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தோடு, சம்பளம் என்று ஒன்று இல்லாமல். உங்கள் பத்து வருடப் பரிசுப் படங்களைப் புரட்டினேன். சூளை, சுரங்கம், குப்பைமேடு, உலைக்களம். புகை, நெருப்பு, சேறு. களை எடுக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சிறுமி இல்லவே இல்லை, ஏனென்றால் அந்தக் கதவுக்குள் கேமரா போகாது, போனாலும் அங்கே நல்ல வெளிச்சம் கிடையாது. எங்கே படம் அழகாக வருமோ அங்கேதான் குழந்தை உழைப்பு இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம். படமெடுக்க வருகிறவர்களும் "உங்கள் பக்கம் சூளை இருக்கிறதா" என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். நீங்கள் எதற்குப் பரிசு கொடுப்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

கணக்கு நோட்டு யாரையும் தொடாதா? உடைந்த கல்லுக்குக் கழித்த தொகைக்குப் பக்கத்தில் களிமண் ரேகை. பத்து வயதுத் தலையில் அழுந்தி அழுந்தி நடுவில் பள்ளம் விழுந்த துணிச் சும்மாடு. பச்சைக்கல்லின் மேல் பதிந்து, அப்படியே சூளையில் வெந்து, எங்கோ ஒரு சுவருக்குள் போன சின்னக் கால்தடம். அந்தப் பன்னிரண்டு படங்களில் இவையும் இருந்தன. திறந்து பார்த்தீர்களா என்று தெரியவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பரிசில் பாதியை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதைக் கேட்கவில்லை. கேமராவைக் கண்டால் காசு வரும் என்று ஆகிவிட்டால் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் களத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் முகத்தை விற்று நீங்கள் உரிமத் தொகை வாங்கிக்கொண்டே இருப்பதும் முடியாது.

நான் கேட்பது இவை.

முதலில், அந்தப் படத்தைக் கண்காட்சியிலிருந்தும் உங்கள் தளத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். முகம் தெரியாதபடி மாற்றி, ஊர் பெயர் இல்லாமல், நாங்கள் எழுதிய முழுக் குறிப்போடு போடுவதாக இருந்தால் போடுங்கள். கோப்புக்குள் இடக்குறிப்புப் பதிவாகியிருக்கும், அதையும் அழியுங்கள். இதுவரை யார் யாருக்கு அந்தப் படத்தைக் கொடுத்தீர்களோ அவர்கள் எல்லாருக்கும் எழுதி, அவர்களையும் எடுக்கச் சொல்லுங்கள். இனி அதை விற்காதீர்கள். முழுமையாக அழிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். அவள் அப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டியது நான். நீங்கள் உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்.

அடுத்தது உங்கள் விதிகள். வேலை செய்கிற குழந்தையின் படம் எது வந்தாலும் சில விவரங்களைக் கட்டாயமாக்குங்கள். என்ன வேலை, கூலி யார் பெயரில், எந்தக் கணக்கில், கடன் உண்டா, அந்தப் பொருளை வாங்குவது யார். பிள்ளையை நிற்கச் சொன்னதா, திரும்ப நடக்கச் சொன்னதா, எத்தனை தடவை. இந்தக் குறிப்பை வெட்டும் அதிகாரம் உங்களுக்கு இருக்கக் கூடாது. தனிப்படம் வேண்டும் என்பதற்காகத் தொகுப்பை உடைக்கவும் கூடாது.

அனுமதியை அவர்கள் மொழியில், வாயால், ஒலிப்பதிவாக வாங்கச் சொல்லுங்கள். பிள்ளையிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். அவள் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். மனம் மாறினால் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு தொலைபேசி எண் அவர்கள் கையில் இருக்க வேண்டும், அந்த எண்ணை எடுக்க ஒரு ஆள் இருக்க வேண்டும். எங்களைப் போலக் கூலிக்கு மொழிபெயர்க்கிறவர்களைச் சாட்சியாக ஏற்காதீர்கள். வேலை முடிய வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கும் இருக்கிறது.

கடைசிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு, முடிவை அறிவிப்பதற்கு முன் அங்கே இருந்த ஃபிக்ஸரையோ உள்ளூரில் குழந்தைகளோடு வேலை செய்கிற ஓர் அமைப்பையோ ஒரு தடவை அழைத்துப் பேசுங்கள். இந்தப் படம் வெளியானால் இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற ஒரே கேள்வி போதும். என்னை அழைத்திருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பரிசு பெற்ற படத்தில் இருக்கும் பிள்ளை என்ன ஆனாள் என்று ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்க்கும் செலவைப் பரிசுத் தொகையிலிருந்து முதலிலேயே எடுத்து வையுங்கள். பார்த்ததை அதே பெரிய எழுத்தில், அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

கண்காட்சி திறப்பதற்கு முன் பதில் வேண்டும். முதல் கோரிக்கைக்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லாவது வரட்டும். என் எண் உங்களிடம் இருக்கிறது, அனுமதிப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், களிமண் ரேகைக்குக் கீழே.

இப்படிக்கு,
சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்